கிடங்கில் காத்திருக்கும் மின்மாற்றி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். தேர்வுக்கு இரண்டு வாரமே இருக்கையில், ஒரு மாலை கோடை இடி இடித்தது. வெள்ளிமலையை அடுத்த எங்கள் சிற்றூருக்கு மின்சாரம் தரும் மின்மாற்றி அதில் பழுதாயிற்று. மாற்று மின்மாற்றி ஒன்று மறுநாளே வண்டியில் மலையேறி வந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. ஆனால் இணைக்கும் முன் சோதித்துப் பார்த்த அலுவலர், "இதில் ஈரம் இறங்கியிருக்கிறது. இணைத்தால் இதுவும் போய்விடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். வேறொன்று வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது இரவும் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தேன்.

அன்று என் தந்தை அந்த அலுவலரிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "புதுசுதானே சார், ஒரு நாள்கூட ஓடலியே. எப்படிங்க கெட்டுப்போச்சு?" அலுவலருக்கு அவசரம், பதில் சொல்லாமலே சென்றுவிட்டார். என் தந்தை பள்ளி வாசலை மிதிக்காதவர். பள்ளி சென்ற எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. கல்லூரிக்கு வந்து, வெப்பவியலும் மின்னியலும் படித்து, பேராசிரியர்களிடம் கேட்டு, நூலகத்தில் தேடி நான் அறிந்துகொண்ட பதிலே இக்கட்டுரை.

எங்கள் ஊருக்கு வந்தது கம்பத்தில் ஏற்றும் சிறிய வகை. அதற்குச் சொல்லும் பதில், துணைமின் நிலையங்களிலும் மின் உற்பத்தி நிலையங்களிலும் உள்ள பெரிய ஆற்றல் மின்மாற்றிகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆகவே பெரியவற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஓடாத மின்மாற்றி ஏன் இருக்க வேண்டும்?

மைக்கேல் பாரடே 1831இல் ஓர் இரும்பு வளையத்தின் இரு புறமும் கம்பி சுற்றி மின்காந்தத் தூண்டலைக் கண்டார். 1885இல் புடாபெஸ்ட் நகரில் கன்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த மூன்று பொறியாளர்கள் அதை நடைமுறைக்கு ஏற்ற மின்மாற்றியாக்கினர். நம் மாநிலத்தில் 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் சமவெளிக்கு இறங்கத் தொடங்கியது. இவை நாம் பாடத்தில் படித்தவை. பாடத்தில் இல்லாதது ஒன்று உண்டு. எல்லா மின்மாற்றிகளும் ஓடிக்கொண்டிருப்பதில்லை, சில காத்துக்கொண்டிருக்கின்றன.

காத்திருப்பதற்குக் காரணங்கள் பல. முதலாவது, உதிரி. 765 கிலோவோல்ட் நிலையங்களில் மின்மாற்றி ஒரே பெட்டியாக இராது. மூன்று மின்கட்டங்களுக்கு மூன்று தனி அலகுகள் இருக்கும். இரண்டு தொகுதிகளுக்கு ஆறு அலகுகள் என்றால் ஏழாவதாக ஒன்றை உதிரியாக வைத்திருப்பது நம் நாட்டு வழக்கம். வேலூருக்கு அருகே திருவலத்தில் உள்ளது இத்தகைய 765 கிலோவோல்ட் நிலையமே. ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் நேர்மின் வழித்தடம் போன்றவற்றிலும் இரு முனைகளில் உதிரி மின்மாற்றி வைப்பது வழக்கம். இரண்டாவது, தாமதம். மின்மாற்றி வந்துவிடும், அடித்தளம் முடிந்திராது, அல்லது மின்பாதை வந்திராது. மூன்றாவது, பேரிடர். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய நாளில் கிடங்கில் இருப்பது மட்டுமே கைகொடுக்கும். பெரிய மின்மாற்றியைப் புதிதாகச் செய்யச் சொன்னால் இன்று உலகெங்கும் இரண்டு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகின்றன.

ஆகவே கிடங்கில் இருப்பது வெறும் இரும்புப் பெட்டி அன்று. நாளை நேரக்கூடிய ஒரு துன்பத்துக்கு இன்றே எடுத்து வைத்த மருந்து. மருந்து கெட்டிருந்தால் அது தெரியவருவது நோய் வந்த அன்றுதான்.

எதிரி எது?

மின்மாற்றியின் உள்ளே செம்புச் சுருள்களைச் சுற்றிக் காகிதமும் அழுத்திய அட்டையும் இருக்கின்றன. அவையும், அவற்றை நனைத்து நிற்கும் எண்ணெயும் சேர்ந்ததே மின்காப்பு. காகிதம் மரக்கூழிலிருந்து வருவது. தண்ணீர் என்றால் அதற்கு அத்தனை ஆசை. தொழிற்சாலையில் வெற்றிடமும் வெப்பமும் கொண்டு உலர்த்தி, அதிலுள்ள ஈரத்தை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துதான் வெளியே அனுப்புகிறார்கள். அந்த நாள் முதலே அது சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பப் பெறக் காத்திருக்கிறது. ஈரம் இரட்டித்தால் காகிதத்தின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் கொள்ளும் தோராயக் கணக்கு.

ஓடும் மின்மாற்றி சூடாக இருக்கும். அந்தச் சூடு ஓரளவு அதற்குக் காவல். ஓடாத மின்மாற்றிக்கு அக்காவல் இல்லை. "ஓடவில்லையே, எப்படிக் கெட்டது?" என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான்: ஓடாததாலேயே அதற்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

இங்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய மின்மாற்றியில் 10 டன் காகிதமும் அட்டையும், 50,000 லிட்டர், அதாவது சுமார் 44 டன் எண்ணெயும் இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயில் பத்து லட்சத்தில் 10 பங்கு ஈரம் என்றால் மொத்தம் 440 கிராம் தண்ணீர். ஒரு சிறு செம்பில் அடங்கிவிடும். காகிதத்தில் ஒரு சதவீத ஈரம் என்றால் 100 கிலோ தண்ணீர். ஏழெட்டுக் குடம்! தண்ணீரின் பெரும்பகுதி காகிதத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நாம் சோதனைக்கு எடுப்பதோ எண்ணெயை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிரும்போது காகிதம் எண்ணெயிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடாகும்போது திருப்பிக் கொடுக்கும். ஆகவே மார்கழிக் காலையில் எங்கள் மலையில் எடுத்த எண்ணெய் மாதிரி "ஈரம் குறைவு" என்று நற்சான்று தரும். அதே மின்மாற்றி சித்திரை மதியம் வேறு சொல்லும். எண்ணெயின் வெப்பநிலையைக் குறிக்காத ஈர அளவுக்குப் பொருள் இல்லை. மின்மாற்றி வாரக்கணக்கில் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் காகிதமும் எண்ணெயும் சமநிலைக்கு வரும்; கிடங்கில் அது அமைவது அரிது. எனவே ஒரே ஒரு எண்ணெய்ச் சோதனையை நம்பி எதையும் முடிவு செய்யலாகாது.

வாயு நிரப்பி வைக்கும் முறை

பெரிய மின்மாற்றியை எண்ணெயோடு வண்டியில் ஏற்றினால் எடை தாங்காது. ஆகவே எண்ணெய் இல்லாமல், உலர்ந்த நைட்ரஜனையோ உலர்ந்த காற்றையோ நிரப்பி அனுப்புகிறார்கள். உள்ளே அழுத்தம் வெளியை விடச் சற்று அதிகமாக இருக்கும். கசிவு இருந்தாலும் வாயு வெளியே போகுமே தவிர, ஈரக்காற்று உள்ளே வராது. நம் வீட்டுக் குதிரின் வாயை மண் பூசி அடைப்பதன் நோக்கமும் இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது அழுத்தமானி. நாம் முதலாண்டில் படித்த வாயு விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது. 30 பாகை செல்சியஸில் மானி சதுர சென்டிமீட்டருக்கு 0.20 கிலோ காட்டுவதாகக் கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 1.033ஐச் சேர்த்தால் தனி அழுத்தம் 1.233. இரவில் 15 பாகைக்கு இறங்கினால், 1.233ஐ 288ஆல் பெருக்கி 303ஆல் வகுக்க, 1.172 வரும். மானி 0.14 காட்டும். கசிவு ஒன்றும் இல்லை, குளிர்தான் காரணம். வெப்பநிலையை எழுதாதவர் இதைக் கசிவு என்று பதறுவார். அதைவிடக் கொடியது, உண்மைக் கசிவைக் குளிர் என்று எண்ணி விட்டுவிடுவது.

இப்போது கசிந்து கசிந்து பகலில் 0.03 மட்டுமே காட்டும் ஒரு மின்மாற்றியை எண்ணிப் பாருங்கள். பகலில் பார்ப்பவர், "இன்னும் அழுத்தம் இருக்கிறது" என்று போய்விடுவார். அன்றிரவு 15 பாகையில் தனி அழுத்தம் 1.010 ஆகும். வெளி அழுத்தத்தை விட இது குறைவு. விடியும்வரை அந்த மின்மாற்றி பனிக்காற்றை உள்ளே உறிஞ்சும். பகலில் பார்த்தவருக்கு அது தெரியாது.

மலைக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. சுமார் 800 மீட்டர் உயரம் ஏறினால் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 0.09 குறைகிறது. சமவெளியில் 0.20 காட்டிய மானி, அதே வெப்பநிலையில் மலைமேல் 0.29 காட்டும். உள்ளே ஒன்றும் கூடிவிடவில்லை. மாறாக, மலைமேல் 0.09 காட்டியதைக் கீழே இறக்கினால் மானி பூச்சியத்தில் நிற்கும்.

அழுத்தத்தோடு பனிநிலையையும் அளக்க வேண்டும். குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். எந்த வெப்பநிலையில் வாயுவிலுள்ள ஈரம் இவ்வாறு துளியாகப் படியத் தொடங்குகிறதோ அதுவே பனிநிலை. உலர்ந்த வாயுவை நிரப்பி ஒரு நாளாவது விட்டுவைத்தால், காகிதத்தின் மேற்பரப்பிலுள்ள ஈரத்துக்கும் வாயுவுக்கும் இடையே ஒரு சமநிலை ஏற்படும். அதன்பின் பனிநிலையையும் மின்மாற்றியின் வெப்பநிலையையும் அளந்தால், காகிதத்தில் எவ்வளவு ஈரம் என்று வரைபடத்திலிருந்து படிக்கலாம். மாதத்துக்கு மாதம் பனிநிலை ஏறிக்கொண்டே வந்தால், ஈரம் உள்ளே நுழைகிறது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நைட்ரஜன் நிரம்பிய தொட்டிக்குள் தலையை விட்டவர் மூச்சுமுட்டுவதை உணர்வதற்கு முன்பே மயங்கிவிடுவார். உலர்ந்த காற்றைச் செலுத்தி, ஆக்சிஜன் அளவை அளந்த பிறகே எவரும் உள்ளே இறங்க வேண்டும்.

எண்ணெய் நிரப்பி வைக்கும் முறை

வாயு நிரப்பிய நிலை குறுகிய காலத்துக்கே. பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் வைக்க நேர்ந்தால் உலர்த்திய எண்ணெயை நிரப்பி வைப்பதே நல்லது என்பர். அந்தந்தத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் கால அளவே இதில் முடிவானது.

எண்ணெய் நிரப்பிய மின்மாற்றி மூச்சு விடும். எண்ணெய் ஒரு பாகை சூடேறினால் பத்தாயிரத்தில் ஏழரைப் பங்கு விரியும். 50,000 லிட்டர் எண்ணெய் பகலுக்கும் இரவுக்கும் இடையே 5 பாகை மாறினால் ஏறத்தாழ 187 லிட்டர் காற்று வெளியே போய் உள்ளே வரும். வரும் காற்று 30 பாகையில் ஈரம் நிறைந்ததாக இருந்தால் ஒரு மூச்சுக்கு ஐந்து கிராமுக்கு மேல் தண்ணீர். தடுப்பில்லாமல் ஓராண்டு விட்டால் சுமார் இரண்டு கிலோ!

இதைத் தடுப்பதே சிலிக்கா ஜெல் நிரப்பிய மூச்சுக்குப்பி. கோபால்ட் சேர்த்த பழைய வகை உலர்ந்திருக்கையில் நீலமாகவும், ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். கோபால்ட் உப்பு உடல்நலத்துக்குத் தீங்கு என்பதால் இன்று ஆரஞ்சு நிற வகையும் பயனில் உள்ளது. நிறம் மாறியதைச் சூடேற்றி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். குப்பியின் அடியிலுள்ள கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது வற்றினால் ஜெல் எந்நேரமும் வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

சோதனைகளும் துணைப் பாகங்களும்

எண்ணெய்க்குச் செய்யும் முதல் சோதனை மின்முறிவுச் சோதனை. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்திய இரு மின்முனைகளுக்கிடையே எத்தனை கிலோவோல்ட்டில் பொறி பறக்கிறது என்று பார்ப்பது இது. அடுத்தது ஈர அளவு. அதன்பின் அமிலத்தன்மை, மின்காப்பு இழப்பு ஆகியவை. எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களையும் ஒருமுறை பகுத்து வைப்பது நலம். ஓடாத மின்மாற்றியில் பழுது வாயுக்கள் தோன்றக் காரணம் குறைவு. எனினும் நாளை ஓடத் தொடங்கிய பின் ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய அளவு வேண்டும். இவற்றுக்கான வழிமுறைகளை ஐ.எஸ். 1866, ஐ.எஸ். 10028 முதலிய இந்தியத் தர நூல்களில் காணலாம்.

மெக்கர் கொண்டு காப்பு மின்தடையை அளக்கும்போது பத்தாவது நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுக்க வேண்டும். உலர்ந்த காப்பில் தடை நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். ஈரக் காப்பில் ஏறாமல் நின்றுவிடும். இங்கும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். பத்துப் பாகை ஏறினால் தடை ஏறத்தாழ பாதியாகும்.

தொட்டியைக் காத்துத் துணைப் பாகங்களை மறப்பவர் உண்டு. எண்ணெயில் ஊறிய காகிதக் காப்புடைய புஷிங்குகளைத் தலைப்புறம் உயர்ந்திருக்குமாறு சாய்த்து வைக்க வேண்டும். குளிர்விப்புத் தகடுகளின் வாய்களை மூடித் திருகியிருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறு வெப்பமூட்டி எரிந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையேல் பல்லியும் குளவியும் துருவும் குடியேறும். காற்றாடிகளை அவ்வப்போது கையால் சுழற்றிவிட வேண்டும்.

"சரி" என்ற சொல்

சென்ற விடுமுறையில், பணி இடையில் நின்றுபோன ஒரு கட்டுமான இடத்துக்குச் சென்றேன். என் தாய்மாமன் அங்கே இரவுக்காவல். ஓரமாக ஒரு பெரிய மின்மாற்றி வாயு நிரப்பிய நிலையில் நின்றது. படித்ததை நேரில் காணும் ஆவலில் அதன் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அழுத்தம் என்ற பத்தியில் ஏழு மாதமாக நாள்தோறும் ஒரே சொல்: "சரி". எண் இல்லை, வெப்பநிலை இல்லை, நேரமும் இல்லை.

"எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதலியா மாமா?" என்று கேட்டேன்.

"முள்ளு பச்சைக்கோட்டுல இருந்தா சரின்னு எழுதச் சொன்னாங்க மாப்ளே. இருந்துச்சு, எழுதுனேன்" என்றார்.

அவர் பொய் எழுதவில்லை. ஒரு நாளும் தவறாமல் எழுதியிருக்கிறார். ஆனால் 0.20இலிருந்து 0.05க்கு இறங்கிவந்த பயணம் முழுவதும் "சரி" என்ற சொல்லுக்குள் மறைந்துபோகும். முள் கோட்டுக்கு வெளியே போன அன்றுதான் அச்சொல் மாறும். அதற்குள் எத்தனை இரவுகள் உள்ளிழுத்திருக்குமோ! அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வெப்பமானியும், எண்ணை எழுதச் சொல்லும் ஒரு வார்த்தையுமே.

எண்ணை எழுதினால் மட்டும் போதாது. அதைப் படிப்பவர் ஒருவரும் வேண்டும். 2025 மார்ச் 20 அன்று இரவு லண்டனின் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. மறுநாள் ஹீத்ரோ விமான நிலையமே மூடப்பட்டது. அந்த மின்மாற்றி கிடங்கில் இருந்தது அன்று; ஓடிக்கொண்டிருந்தது. புஷிங் ஒன்றினுள் ஈரம் நுழைந்ததே பெரும்பாலும் காரணம் என்று அந்நாட்டு மின்அமைப்பு இயக்க நிறுவனம் 2025 ஜூலையில் அறிக்கை தந்தது. 2018இலேயே அந்தப் புஷிங்கின் எண்ணெய் மாதிரியில் ஈரம் மிகுந்திருப்பது தெரிந்திருந்தது. அதற்குரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதும் அவ்வறிக்கை சொன்னதே. எண் இருந்தது. ஏழாண்டு இருந்தது. செயல்தான் இல்லை.

ஆகவே கிடங்குக் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் நாள், நேரம், மின்மாற்றியின் வெப்பநிலை, அழுத்தம் அல்லது எண்ணெய் மட்டம், ஜெல்லின் நிறம், எழுதியவர் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாதம் ஒருமுறை அந்த எண்களை வரைபடத் தாளில் புள்ளியிட்டு, ஒரே வெப்பநிலைக்கு மாற்றிப் பார்த்து, பொறுப்பான ஒருவர் கையொப்பமிட வேண்டும். எந்த எண்ணைத் தொட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வெப்பமானியும். நனைந்த மின்மாற்றியை வெந்நிலை எண்ணெய் சுற்றியும் வெற்றிடம் இழுத்தும் உலர்த்துவதற்கோ நாட்கணக்கில் உழைப்பும் பெரும் பொருளும் வேண்டும்.

முடிவுரை

இவற்றையெல்லாம் அறிந்துகொண்ட பின் பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனேன். என் தந்தையிடம் அவருடைய பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். வாயு விதியையும் பனிநிலையையும் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அப்போது என் பாட்டி விதைச் சாமையைக் குதிரிலிருந்து எடுத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நறுக்கென்று உடைந்தால் மூடி வைப்பார்; மெத்தென்று இருந்தால் வெயிலில் கொட்டிக் காயவைப்பார். இதை அவர் மாதந்தோறும் செய்வதை நான் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன்.

"அந்த டிரான்ஸ்பார்மரும் வெதச் சாமை மாதிரிதான்பா. வச்சவங்க நடுவுல ஒருநாளும் கடிச்சுப் பாக்கல" என்றேன்.

என் தந்தை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அது தானாக் கெடல. பாக்காததால கெட்டுது" என்றார்.

நான் பல பக்கங்களில் சொல்ல முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நம்மில் சிலர் நாளை மின்துறையிலோ தொழிற்சாலைகளிலோ பணிக்குச் செல்வோம். ஓடும் இயந்திரம் சத்தம் போட்டுத் தன் குறையைச் சொல்லும். ஓடாத இயந்திரத்துக்கு வாய் இல்லை. நாம் எழுதும் எண்தான் அதற்கு வாய். அந்த இடத்தில் "சரி" என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, எங்கோ ஒரு மலையூரில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவனை நினைத்துக்கொள்வோம். நினைத்துக்கொண்டு, மானியைப் பார்த்து எண்ணை எழுதுவோம்.